'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்குமா, பிடிக்காதா? லத்தீன் 'இன்' செய்யும் குழப்பம்

பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கும் ஸ்ப்ரே டப்பாவிலோ சானிடைசர் பாட்டிலிலோ 'ஃப்ளேமபிள்' என்றிருக்கும். 'இன்' என்று தொடங்கினால் எதிர்ப்பதம் என்றுதான் பள்ளியில் படித்தோம். விசிபிள், இன்விசிபிள். கரெக்ட், இன்கரெக்ட். அந்தக் கணக்கில் 'ஃப்ளேமபிள்' தீப்பிடிக்கும், 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காது என்றாக வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. தீப்பற்றாததை 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள்.

ஆங்கிலம் ஒரு கிறுக்கு மொழி என்று கிண்டல் செய்ய இந்த ஜோடியைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். பாவம், இதில் ஆங்கிலத்தின் குற்றம் குறைவு. சிக்கல் லத்தீனிலேயே இருக்கிறது. ரோமானியர்களே அதை வைத்து நாடக மேடையில் ஜோக் அடித்திருக்கிறார்கள்.

## முதலில், முன்னொட்டு என்றால் என்ன

ஒரு சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் சிறு துண்டுதான் முன்னொட்டு. தமிழின் இயல்பு வேறு. நாம் மறுப்பைச் சொல்லின் பின்பகுதியில் வைப்போம்: படித்த, படிக்காத, செய்தான், செய்யவில்லை. நமக்குப் பழக்கமான மறுப்பு முன்னொட்டு சமஸ்கிருதத்திலிருந்து வந்த 'அ'. நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். உயிரெழுத்துக்கு முன்னால் அதுவே 'அன்' ஆகிவிடும்: ஆவசியம், அனாவசியம். 'அனேகம்' கூட இப்படித்தான். அன் + ஏகம், அதாவது 'ஒன்று அல்ல', ஆகவே பல.

லத்தீனும் முன்னொட்டுகளை ஏராளமாகப் பயன்படுத்தும் மொழி. ரீ, எக்ஸ், டிரான்ஸ், கான், சப், ப்ரீ என்று ஆங்கிலத்தில் அன்றாடம் பார்க்கும் பலவும் அங்கிருந்து வந்தவை. பெரும்பாலானவற்றுக்கு அடிப்படைப் பொருள் ஒன்றுதான், அதிலிருந்துதான் மற்றப் பொருள்கள் கிளைத்திருக்கும். 'இன்' மட்டும் அப்படியில்லை. அது ஒரே முன்னொட்டு கிடையாது. ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு.

1. மறுக்கும் 'இன்'. 'அல்லாத', 'இல்லாத' என்று பொருள். இன்விசிபிள், இன்ஜஸ்டிஸ், இன்ஃபினிட்டி ஆகியவை இந்த வகை.
2. திசை காட்டும் 'இன்'. 'உள்ளே', 'மேலே', 'நோக்கி' என்று பொருள். இன்ஜெக்‌ஷன் (உள்ளே எறிவது), இன்ஹேல் (உள்ளே மூச்சிழுப்பது), இன்வெஸ்ட் (சொற்பொருள்படி, உடைக்குள் புகுத்துவது) ஆகியவை இந்த வகை.

இரண்டுக்கும் ரத்த சம்பந்தமே இல்லை. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அந்த மொழியில் மறுப்புச் சொல் வெறும் 'ந்' என்ற மூக்கொலி. திசைச் சொல் 'என்'. மூக்கொலி சமஸ்கிருதத்தில் 'அ/அன்' ஆனது, கிரேக்கத்திலும் 'அ/அன்' ஆனது, ஆங்கிலத்தின் ஜெர்மானியக் கிளையில் 'அன்' ஆனது (அன்சீன், அன்நோன்). லத்தீனில் மட்டும் அது முதலில் 'என்' ஆகி, பிறகு 'இன்' ஆனது. திசை காட்டிய 'என்' என்ற சொல்லும் அதே வழியில் 'இன்' ஆகிவிட்டது. இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒலி மாற்றத்தில் ஒன்றோடு ஒன்று மோதி ஒரே உருவம் எடுத்துவிட்டன. ஆங்கிலம் தன் சொந்தச் சொற்களில் 'அன்' வேறு, 'இன்' வேறு என்று ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது. லத்தீனிலிருந்து சொற்களைக் கடன் வாங்கியபோது இந்தக் குழப்பமும் சேர்ந்து வந்தது.

## அஞ்ஞாத வாசமும் இன்காக்னிட்டோவும்

மறுக்கும் 'இன்' நமக்குத் தெரிந்த 'அ'வின் உடன்பிறப்பு என்பதற்கு ஒரு நல்ல சான்று மகாபாரதத்தில் இருக்கிறது. பாண்டவர்கள் 12 ஆண்டு வனவாசம் முடித்து, 13-ஆம் ஆண்டை அஞ்ஞாத வாசமாகக் கழித்தார்கள். யாருக்கும் தெரியாமல் வாழ்வது. சமஸ்கிருத 'அஜ்ஞாத' என்பது அ + ஜ்ஞாத, 'அறியப்படாத'. லத்தீனில் அதே பொருளுக்கு 'இக்னோட்டுஸ்' என்பார்கள்: இன் + க்னோட்டுஸ். முன்னொட்டும் ஒன்று, 'அறி' என்ற வேரும் ஒன்று. ஆங்கிலத்தின் 'அன்நோன்' கூட அதே முன்னொட்டும் அதே வேரும்தான். 'க்நோ' என்று எழுதிவிட்டு 'நோ' என்று படிக்கிறோமே, அந்த மௌனமான 'க்' ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து.

கூகுள் குரோமில் தடம் பதியாமல் உலாவத் திறக்கும் 'இன்காக்னிட்டோ' ஜன்னலும் இந்தக் குடும்பம்தான். லத்தீன் 'இன்காக்னிட்டுஸ்' என்பதில் நடுவில் ஒரு 'கோ' சேர்ந்திருக்கிறது, மற்றபடி அதே மறுப்பு, அதே வேர். சொல் இத்தாலியன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விராட நாட்டில் தருமர் கங்கனாக இருந்ததை 'இன்காக்னிட்டோ' என்று மொழிபெயர்த்தால் அது வேர்ச்சொல் அளவிலேயே சரியாக இருக்கும்.

அமிர்தமும் அப்படித்தான். அ + ம்ருத, 'சாகாத'. லத்தீன் 'இம்மோர்ட்டாலிஸ்', ஆங்கிலம் 'இம்மார்ட்டல்'. கிரேக்கத் தெய்வங்கள் உண்ட 'அம்புரோசியா'வும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

## வேடம் மாறும் 'இன்'

'இக்னோட்டுஸ்', 'இம்மோர்ட்டாலிஸ்' என்று பார்த்தோம். 'இன்' எங்கே போயிற்று? அடுத்து வரும் மெய்யெழுத்துக்கு ஏற்ப மூக்கொலி தன்னை மாற்றிக்கொள்கிறது. மரம் + கள் 'மரங்கள்' ஆவதைப் போன்ற சந்திதான். லத்தீனில் ப, ம வந்தால் 'இம்' (இம்பாஸிபிள், இம்போர்ட்), ல வந்தால் 'இல்' (இல்லீகல், இல்யூமினேட்), ர வந்தால் 'இர்' (இர்ரெகுலர், இர்ரிகேஷன்). இரண்டு 'இன்'களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. அதனால் வேடம் மாறிய பிறகும் எது மறுப்பு, எது திசை என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. இம்பாஸிபிள் மறுப்பு. இம்போர்ட் 'உள்ளே சுமந்து வருவது'. இர்ரெகுலர் மறுப்பு. இர்ரிகேஷன் 'நீரை நிலத்துக்குள் பாய்ச்சுவது'.

இன்னொரு சங்கதியும் உண்டு. முன்னொட்டு சேர்ந்தால் அடுத்த உயிரெழுத்து தேய்ந்துபோவது பழைய லத்தீனின் வழக்கம். அமிகுஸ் என்றால் நண்பன். 'இன்' சேர்ந்ததும் அது 'இனிமிகுஸ்' ஆயிற்று. நண்பன் அல்லாதவன், பகைவன். பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் 'எனிமி'யாக நிற்கிறது. அதற்குள் ஒரு 'நண்பன்' இருப்பது இன்று யார் கண்ணுக்கும் தெரியாது.

## ரோமில் அடித்த ஜோக்

இரண்டு 'இன்'களும் ஒரே சொல்லில் மோதினால் என்ன ஆகும்? லத்தீனில் இது நிஜமாகவே நடந்தது. எழுத்தில் ஒன்று, உச்சரிப்பில் ஒன்று, பொருளில் மட்டும் இரண்டு என்று சில சொற்கள் இருந்தன.

1. இன்வோகாட்டுஸ்: 'அழைக்கப்படாத' அல்லது 'பெயர் சொல்லி வேண்டி அழைக்கப்பட்ட'.
2. இன்விசுஸ்: 'காணப்படாத' அல்லது 'வெறுக்கப்பட்ட'. ஒருவரைப் பொல்லாத கண்ணோடு பார்ப்பது என்ற வினையிலிருந்து இரண்டாவது பொருள் வந்தது. ஆங்கில 'என்வி' அதன் வாரிசு.
3. இன்டிக்டுஸ்: 'சொல்லப்படாத' அல்லது 'அறிவிக்கப்பட்ட'. அறிவிக்கப்பட்ட போருக்கும் இதே சொல். தரப்பைச் சொல்லவிடாமல் தீர்ப்பளித்தார்கள் என்று வழக்கறிஞர்கள் குமுறவும் இதே சொல்.
4. இம்முட்டாட்டுஸ்: 'மாறாத' அல்லது 'மாற்றப்பட்ட'.
5. இன்ஃபெக்டுஸ்: 'செய்யப்படாத' அல்லது 'சாயம் தோய்ந்த, கறைபட்ட'.

முதல் சொல்லை வைத்துத்தான் நாடகாசிரியர் பிளாட்டஸ் விளையாடினார். அவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தவர். 'காப்டிவி' என்ற அவருடைய நாடகத்தில் எர்காசிலஸ் என்று ஒரு பாத்திரம் வருவான். பிறர் வீட்டு விருந்துகளில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டே காலம் தள்ளுபவன். மேடைக்கு வந்ததும் முதலில் தன் பட்டப்பெயரைப் பற்றிப் பேசுகிறான். ஊர் இளைஞர்கள் அவனுக்குத் தாசி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், விருந்துகளில் அவன் 'இன்வோகாட்டுஸ்' ஆக இருப்பதால். காதலன் தாயக்கட்டை உருட்டும்போது அதிர்ஷ்டத்துக்காகத் தன் தாசியின் பெயரைச் சொல்லி அழைப்பான். ஆக அவள் 'அழைக்கப்பட்டவள்'. இவனோ எவரும் கூப்பிடாமலே போய் உட்காருபவன், 'அழைக்கப்படாதவன்'. சொல் மட்டும் ஒன்றேதான். கூட்டம் சிரித்திருக்கும் என்றால், இரண்டு பொருளும் அவர்கள் காதில் ஒரே நேரத்தில் விழுந்தன என்று அர்த்தம்.

ஐந்தாவது சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'நடந்தது நடந்ததுதான், அதை நடக்காததாக்க முடியாது' என்ற கருத்தில் பிளாட்டஸ் எழுதிய ஒரு வரியில் 'இன்ஃபெக்டும்' என்றால் 'செய்யப்படாதது'. வந்த காரியம் ஆகாமல் திரும்பினார்கள் என்று சொல்லவும் ரோமானியர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். மற்ற 'இன்ஃபெக்டுஸ்' சாயப்பட்டறைச் சொல். 'இன்ஃபிகெரே' என்றால் ஒன்றைத் திரவத்துக்குள் அமிழ்த்திச் சாயமேற்றுவது. அந்தத் தொழிலாளிக்குப் பெயர் 'இன்ஃபெக்டோர்'. சாயம் துணிக்குள் ஊறுவதிலிருந்து கறை, கறையிலிருந்து கெடுதல், கெடுதலிலிருந்து நோய்த்தொற்று என்று பொருள் நகர்ந்தது. இன்று மருத்துவமனையில் கேட்கும் 'இன்ஃபெக்‌ஷன்' சாயத் தொட்டியிலிருந்து எழுந்து வந்தது.

## பிரித்தறிய ஒரு சோதனை

லத்தீன் இலக்கணத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. மறுக்கும் 'இன்' பெயரடைகளோடும் எச்சங்களோடும் சேரும், வினைச்சொல்லோடு நேரடியாகச் சேராது. திசை காட்டும் 'இன்' வினைச்சொல்லோடு சேரும். பார்க்காமல் இருந்தேன் என்பதற்கு 'இன்' போட்டு வினை உருவாக்க முடியாது. அதற்கு 'நோன்' என்ற தனிச்சொல் வேண்டும்.

லத்தீன் தெரியாதவர்கள் ஆங்கிலத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம்.

1. சந்தேகப்படும் சொல்லிலிருந்து, 'இன்' போகாமல், வினையை மட்டும் பிரித்துப் பாருங்கள். 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் 'இன்ஃப்ளேம்' என்ற வினை கிடைக்கிறது: மூட்டிவிடுவது, தீயிடுவது. லத்தீன் 'இன்ஃப்ளம்மாரே', தீக்குள் கொண்டுபோவது. ஆகவே இது திசை காட்டும் 'இன்'. இன்ஃப்ளேம் + ஏபிள் என்று பிரிக்க வேண்டியதை இன் + ஃப்ளேமபிள் என்று பிரிப்பதில்தான் மொத்தக் குழப்பமும்.
2. வினை கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மறுப்பு. 'இன்வைஸ்' என்று ஒரு வினை இல்லை, எனவே இன்விசிபிள் மறுப்பு. 'இன்வேல்யூ' என்று வினை இல்லை, எனவே இன்வேல்யுவபிள் 'மதிப்பிட முடியாத', விலைமதிப்பற்ற. (மதிப்பில்லாத என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.)
3. வினை இருந்தாலும், அதுவே ஒரு மறுப்புப் பெயரடையிலிருந்து பிறந்ததா என்று பார்க்க வேண்டும். 'இன்வேலிடேட்' வினைதான், ஆனால் அது 'இன்வேலிட்' என்பதிலிருந்து வந்தது. செல்லாத வாக்கின் 'இன்வேலிட்' மறுப்பே.

சோதனை சறுக்கும் இடங்களும் உண்டு. 'இன்ஃபார்ம்' என்ற வினை இருக்கிறது என்பதற்காக 'இன்ஃபார்மல்' திசை காட்டுவதாகிவிடாது. அது ஃபார்மல் என்பதன் மறுப்பு. 'இம்ப்ரெக்னபிள்' என்ற சொல்லைக் கோட்டைகளுக்குச் சொல்வார்கள், பிடிக்க முடியாதது என்று. 'பிடி' என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த மறுப்பு அது. 'இம்ப்ரெக்னேட்' என்ற வினைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

## தீயணைப்பாளர்கள் ஏன் சொல்லை மாற்றினார்கள்

லத்தீன்படி 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் ஒரு தவறும் இல்லை. வரலாற்றில் மூத்ததும் அதுதான். 'ஃப்ளேமபிள்' 19-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய சொல். ஆனால் எச்சரிக்கைப் பலகையைப் படிப்பவர் லத்தீன் இலக்கணம் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆங்கிலத்தில் 'ஏபிள்/இபிள்' என முடியும் சொற்களில் 'இன்' வந்தால் பெரும்பாலும் மறுப்புதான்: இன்கியூரபிள், இன்கிரெடிபிள், இன்எடிபிள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் 'இது தீப்பிடிக்காது' என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. காப்பீட்டுத் துறையினரும் அதைப் பின்பற்றினார்கள். இன்று ஐ.நா.வின் அபாயப் பொருள் வகைப்பாட்டில் 3-ஆம் வகுப்பின் பெயர் 'ஃப்ளேமபிள் லிக்விட்ஸ்'.

இந்தியாவில் பழைய சொல் சட்டத்திலேயே இருக்கிறது: 1952-ஆம் ஆண்டின் 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ்' சட்டம். டேங்கர்களிலும் அதே சொல் தொடர்வதில் வியப்பில்லை. சொல்லில் சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது படத்தைத்தான். சாய்சதுரத்துக்குள் சிவப்புப் பின்னணியில் தீச்சுடர், கீழே 3 என்ற எண். பெட்ரோலுக்கு ஐ.நா. எண் 1203. எந்த மொழிக்காரருக்கும் இதில் குழப்பம் வராது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். அவர்களுக்கு 'இன்ஃப்ளமாப்ள்' என்றால் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காதது 'இன்-இன்ஃப்ளமாப்ள்'. திசை காட்டும் 'இன்'னுக்கு முன்னால் மறுக்கும் 'இன்'னையும் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் இதுதான் மிக நேர்மையான தீர்வு, கேட்கத்தான் விக்கலெடுப்பது போலிருக்கிறது. ஆனால் அவர்களும் வேறொரு சொல்லில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'இன்ஹாபிட்டட்' தீவு என்றால் மக்கள் வாழும் தீவு. பிரெஞ்சில் ஏறத்தாழ அதே சொல்லுக்கு ஆளில்லாத தீவு என்று பொருள். லத்தீனில் 'இன்ஹாபிட்டாபிலிஸ்' என்பதற்கு ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் காலத்தில் 'வாழ முடியாத' என்று பொருள், பிற்காலத்தில் 'வாழத்தக்க' என்றும் ஆயிற்று. ஒவ்வொரு மொழியும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டது.

## செய்தியில் அடிபடும் சில சொற்கள்

இன்ஃபெக்‌ஷன், இன்ஃப்ளமேஷன். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். முதலாவது தொற்று: கிருமி உடலுக்குள் புகுவது. இரண்டாவது அழற்சி: உடல் காட்டும் எதிர்வினை. முதல் நூற்றாண்டில் ரோமின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. கிருமி புகுந்தால் அழற்சி வரும். கிருமியே இல்லாமலும் வரும். முடக்குவாதத்தில் உடலின் காப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்குகிறது. பாக்டீரியாத் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை அப்படிப்பட்ட அழற்சியைத் தணிக்காது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'இன்ஃப்ளமேஷன்' என்று பார்த்ததும் 'இன்ஃபெக்‌ஷன்' என்று படித்துப் பயப்பட வேண்டாம்.

இம்யூனிட்டி. 'மூனுஸ்' என்றால் குடிமகன் அரசுக்குச் செய்ய வேண்டிய கடமை, வரி, சேவை. 'இம்மூனிஸ்' அந்தச் சுமையிலிருந்து விலக்குப் பெற்றவர். குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் அரசியலமைப்பின் 361-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பை 'இம்யூனிட்டி' என்று செய்திகள் சொல்வது பழைய சட்டப் பொருளில்தான். நோய் எதிர்ப்பாற்றல் என்ற பொருள்தான் பின்னால் வந்தது.

இன்ஃபன்ட். 'பேசாதது'. கைக்குழந்தைக்கு எவ்வளவு பொருத்தம்!

இன்டீஜர். 'தொடப்படாதது', ஆகவே முழு எண். அதன் எதிரே நிற்கும் 'ஃப்ராக்‌ஷன்' உடைந்தது என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. கணக்குப் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தால் பின்னம் பாதி புரிந்துவிடும்.

இன்ஃப்ளேஷன். உள்ளே ஊதுவது. பணவீக்கம் என்ற நம் சொல்லிலும் அந்த ஊதல் இருக்கிறது.

கடைசியாக, முன்னொட்டே இல்லாத அல்லது வேறு முன்னொட்டு கொண்ட போலிகள். 'இண்டிஜினஸ்' என்பதில் இருப்பது 'இன்டு' என்ற பழைய லத்தீன் வடிவம், 'உள்ளே' என்று பொருள். மண்ணுக்குள்ளேயே பிறந்தவர், பூர்வகுடி. 'இன்டெலிஜென்ட்' என்பதில் இருப்பது 'இன்டெர்', 'இடையே': பலவற்றுக்கு இடையே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர். 'இன்சுலின்' என்பதைப் பிரிக்கவே கூடாது. 'இன்சுலா' என்றால் தீவு. கணையத்தில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை ஜெர்மானிய மருத்துவர் லாங்கர்ஹான்ஸின் பெயரால் 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்பார்கள். இன்சுலின் சுரப்பது அங்கேதான், பெயரும் அதனால்தான். 1921-இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தப் பெயர் தயாராக இருந்தது.